பழைய வேனில் க்ரூஸ் கன்ட்ரோல் மாட்டலாமா? வேகத்தைப் பிடிப்பது ஈஸி... விடுவதில்தான் விஷயமே இருக்கிறது!

குலதெய்வம் கோயிலுக்கு மொட்டை, சித்தி மகள் கல்யாணம், மே மாத ஊட்டி டூர்... நாலு வீட்டுச் சொந்தம் ஒன்றாகக் கிளம்பினால் கார் பத்தாது. வேன்தான் சரிப்பட்டு வரும். பின்சீட்டில் பாட்டும் முறுக்கும் ஓடிக்கொண்டிருக்க, டிரைவர் சீட்டில் இருப்பவரின் வலது கால் மட்டும் மணிக்கணக்கில் ஒரே கோணத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கணுக்கால் மரத்துப்போகும். திருச்சியைத் தொடும்போது முழங்கால் பிடித்துக்கொள்ளும். ஊர் போய் இறங்கியதும் எல்லோரும் கோயிலுக்கு நடக்க, வேன் ஓட்டியவர் மட்டும் காலை நீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்று வரும் பல கார்களில் ஸ்டீயரிங்கிலேயே க்ரூஸ் கன்ட்ரோல் பட்டன் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி அதே வேகத்தில் போகும். மச்சான் வீட்டுப் புதுக் காரில் இதைப் பார்த்தவர்களுக்கு உடனே எழும் கேள்வி, 'நம்ம பழைய வேனுக்கும் இதை மாட்ட முடியுமா?' என்பதுதான்.

முடியும். கம்பெனியில் வராத வண்டிகளில் தனியாக வாங்கி மாட்டுவதற்கான க்ரூஸ் கன்ட்ரோல் கிட்கள் பல வருடங்களாகவே உலகச் சந்தையில் இருக்கின்றன. ஆனால், அவற்றை மாட்டும்போது பலரும் பார்ப்பது, 'வேகத்தைச் சரியாகப் பிடித்துவைக்கிறதா?' என்பதை மட்டும்தான். பார்க்கவேண்டியதோ அதற்கு நேர் எதிரான விஷயத்தை. நாம் சொன்ன நொடியில் அது ஆக்ஸிலரேட்டரை விடுகிறதா? ஒவ்வொரு முறையும் விடுகிறதா? ஒரு வேன் நிறைய சொந்தபந்தம் உட்கார்ந்திருக்கும்போது, உயிர் இருப்பது இந்தக் கேள்வியில்தான்.

கண் தெரியாதவர் கண்டுபிடித்தது!

க்ரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1890-ல் பிறந்தவர். ஐந்து வயதில் நேர்ந்த விபத்தில் பார்வையை இழந்தார். ஆனாலும், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்து, வாகனப் பொறியாளர்கள் சங்கத்தின் தலைவராக 1936-ல் உயர்ந்தார்.

தன் வழக்கறிஞர் நண்பரின் காரில் போகும்போது டீட்டர் ஒன்றைக் கவனித்ததாகச் சொல்வார்கள். நண்பர் பேச ஆரம்பித்தால் கார் மெதுவாகும். பேச்சை நிறுத்தினால் வேகமெடுக்கும். கண்ணால் பார்க்க முடியாதவருக்கு உடம்பில் படும் ஒவ்வொரு குலுக்கலும் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தில், டயரையும் பெட்ரோலையும் மிச்சப்படுத்த அமெரிக்காவில் மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதும் சேர்ந்துகொள்ள, வேகத்தைச் சீராக வைக்கும் கருவியில் இறங்கினார். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் இதைக் கொண்டுவந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வழியாகவும் இது பரவலானது.

டிராக்டர் கை ஆக்ஸிலரேட்டர் மாதிரியா?

'இதென்ன பெரிய விஷயம்? டிராக்டரில்கூடத்தான் கை ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது' என்று சிலர் நினைக்கலாம். பழைய ஜீப்களிலும் இழுத்துவைக்கும் கை த்ராட்டில் உண்டு. ஆனால், அதுவும் இதுவும் ஒன்றல்ல.

கை ஆக்ஸிலரேட்டர் பிடித்துவைப்பது ஆக்ஸிலரேட்டரின் அளவை. மேடு வந்தால் வண்டி திணறும், இறக்கத்தில் ஓட்டமெடுக்கும். பிரேக்கை மிதித்தாலும் ஆக்ஸிலரேட்டர் அப்படியே நிற்கும். வயலில் மெதுவாக உழும் டிராக்டருக்கு அது போதும். நெடுஞ்சாலையில் போகும் வேனுக்கு அது எமன். கட்டை கொடுத்தோ, கயிறு கட்டியோ, 'க்ரூஸ்' என்ற பெயரில் திருகிப் பூட்டும் பொருள் வாங்கியோ ஆக்ஸிலரேட்டரை நிறுத்திவைக்கும் எந்த வேலையும் இந்தக் கணக்கில்தான் சேரும். தொடவே கூடாது.

க்ரூஸ் கன்ட்ரோல் பிடித்துவைப்பது வேகத்தை. வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று ஒரு சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். 80-ல் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், வண்டி 78-க்கு இறங்கிவிட்டது என்றால், கன்ட்ரோல் பெட்டி ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டும். 82 ஆனால் குறைக்கும். பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் மொத்தமாக விட்டுவிடும். பெரும்பாலான கிட்கள் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டருக்குக் கீழே வேலை செய்யாதபடி அமைக்கப்பட்டிருக்கும். நகர நெரிசலில் யாரும் தவறிக்கூடப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

உங்கள் வேன் எந்த ரகம்?

கிட் வாங்கும் முன் பானெட்டையோ சீட்டையோ திறந்து ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் பெடலிலிருந்து இன்ஜினுக்குப் போவது கேபிளா, ஒயரா? இதை வைத்துப் பழைய வேன்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

*கேபிள் போட்ட பெட்ரோல் வேன்:* உதாரணம், மாருதி ஆம்னி. பெடலை மிதித்தால் கேபிள் இழுபட்டு த்ராட்டில் திறக்கும். இங்கே க்ரூஸ் கிட்டின் வேலையைச் செய்வது 'சர்வோ' என்ற சிறு பெட்டி. அதிலிருந்து புறப்படும் இன்னொரு கேபிள், காலுக்குப் பதிலாக த்ராட்டிலை இழுக்கும். சர்வோவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில் இயங்குவது. மற்றொன்று, எலெக்ட்ரிக் மோட்டாரில் இயங்குவது. மேடு ஏறும்போது இன்ஜினின் வேக்குவம் குறையும் என்பதால், சின்ன இன்ஜின்களில் வேக்குவம் சர்வோ தேவையான நேரத்தில் பிடியை இழக்கும். மோட்டார் சர்வோவில் அந்தத் தொல்லை இல்லை.

*மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் வேன்:* பழைய டெம்போ டிராவலர் போன்றவை. இங்கேயும் கேபிள்தான். ஆனால் அது இழுப்பது டீசல் பம்ப்பின் லீவரை. இந்த டீசல் இன்ஜின்களில், பெட்ரோல் வண்டி மாதிரி இன்ஜினே உருவாக்கித் தரும் வேக்குவம் கிடைக்காது. பிரேக் பூஸ்டருக்காகத் தனி வேக்குவம் பம்ப் இருக்கும். வேக்குவம் சர்வோ வாங்கினால் அந்தக் குழாயைத்தான் பிரிக்க வேண்டிவரும். அதில் ஒரு கசிவு ஏற்பட்டால் பிரேக்கின் பலமே குறையும். ஆள் ஏற்றும் வேனில் பிரேக் குழாயில் கைவைக்காமல் இருப்பதே நல்லது. இந்த ரகத்துக்கு மோட்டார் சர்வோ மட்டும்தான் சரி.

*எலெக்ட்ரானிக் பெடல் வேன்:* காமன் ரெயில் டீசல் இன்ஜினோடு வந்த வேன்களில் கேபிளே இருக்காது. பெடலில் இருக்கும் சென்சார், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை இன்ஜினின் இசியு-வுக்கு மின் அளவாகச் சொல்லும். இதற்கான கிட், பெடலுக்கும் இசியு-வுக்கும் நடுவே செருகப்படும். சர்வோ, கேபிள் எதுவும் வேண்டாம். பார்ப்பதற்குச் சுலபமான வேலை. ஆனால், பெடல் சென்சார் பாதுகாப்புக்காக ஒரே தகவலை இரண்டு தனித்தனி அளவுகளாக அனுப்பும். இரண்டும் பொருந்தாவிட்டால் இசியு சந்தேகப்பட்டு, இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். அதனால், 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்பதை வாங்கக் கூடாது. அந்த மாடலின் பெடலுக்கென்றே தயாரான கிட்தான் வேண்டும்.

மாட்டும் முன் வேனைச் சரிபாருங்கள்

தளர்ந்த வண்டியில் புதிய கருவியை மாட்டினால், பழைய பிரச்னையோடு புதிய பிரச்னையும் சேரும். முதலில் ஆக்ஸிலரேட்டர் கேபிளைப் பாருங்கள். காலை எடுத்ததும் பெடல் 'டக்'கென்று மேலே வர வேண்டும். சோம்பலாக வந்தால், கேபிளுக்குள் துரு இருக்கலாம் அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். இரண்டையும் மாற்றாமல் மேற்கொண்டு போகக் கூடாது. க்ரூஸ் கன்ட்ரோல் கேபிளை விட்டாலும், த்ராட்டிலை இழுத்து மூடப்போவது அந்த ஸ்பிரிங்தான்.

அடுத்து, இன்ஜின் மவுன்ட். ரப்பர் தேய்ந்த மவுன்ட்டில் இன்ஜின் ஆடினால், கேபிளும் தானாக இழுபடும். பிறகு, பிரேக் லைட், டயர், ஸ்பீடோமீட்டர். முள் ஆடிக்கொண்டே இருக்கும் ஸ்பீடோமீட்டரை நம்பி எந்தக் கருவியாலும் வேகத்தைப் பிடிக்க முடியாது.

வேலை நடக்கும் விதம்

கேபிள் ரக வேனில் முதல் வேலை, சர்வோவுக்கு இடம் பார்ப்பது. சைலன்சர் குழாயின் சூடு படக் கூடாது. தண்ணீர் தெறிக்கக் கூடாது. கேபிள் கூர்மையாக வளையக் கூடாது. ஆம்னி மாதிரி முன்சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கும் வேன்களில் இடமும் குறைவு, சூடும் அதிகம். அவசரப்படாமல் இடம் தேட வேண்டும்.

சர்வோ கேபிளை த்ராட்டிலோடு இணைக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் ஓட்டத்தை அது எந்த நிலையிலும் தடுக்கக் கூடாது. காலால் மிதிக்கும்போது சர்வோ கேபிள் தொய்ந்து வழிவிட வேண்டும். கொஞ்சம் தொய்வு கட்டாயம் வேண்டும். இழுத்துக் கட்டினால் ஐடிலிங் ஏறிவிடும். ரொம்பத் தொய்வு விட்டால், வேகத்தைப் பிடிக்கும் முன் வண்டி ஒரு முங்கு முங்கி எழும்.

இரண்டாவது, வேகத் தகவல். எலெக்ட்ரானிக் ஸ்பீடோமீட்டர் இருந்தால் அதன் ஒயரிலிருந்தே எடுக்கலாம். கேபிள் ஸ்பீடோமீட்டராக இருந்தால், கிட்டோடு வரும் சிறு காந்தங்களைப் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் கட்டி, பக்கத்தில் ஒரு காயிலைப் பொருத்துவார்கள். ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, காயிலில் துடிப்பு உண்டாகும். அதை எண்ணித்தான் கன்ட்ரோல் பெட்டி வேகத்தைக் கணிக்கும். காந்தத்துக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளி, கிட்டின் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும். சேற்றிலும் குண்டு குழியிலும் ஓடும் வண்டியில் இந்தக் காயில்தான் முதலில் ஆட்டம் காணும். இன்ஜின் ஆயில் மாற்றும்போதெல்லாம் இதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஒயரிங். கிட்டுக்குத் தனி ஃபியூஸ் வேண்டும். இணைப்புகளைச் சால்டரிங் செய்து, மேலே உறை போட வேண்டும். ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே உதவாது. எர்த் ஒயரைப் பெயின்ட் நீக்கிய இரும்பில் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான கிட்களில் வண்டியின் எடை, இன்ஜின் சக்திக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும் குட்டிச் சுவிட்சுகள் இருக்கும். அவற்றைக் கையேடு பார்த்து வைக்க வேண்டும். தவறினால், வேகம் ஏறி இறங்கி வண்டி ஊஞ்சலாடும்.

பிரேக் லைட் பல்பில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மாட்டும் வேலையிலேயே முக்கியமானது, பிரேக் இணைப்பு. பிரேக்கை மிதித்ததும், பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயரில் 12 வோல்ட் மின்சாரம் வரும். அதைப் பார்த்ததும் கிட் ஆக்ஸிலரேட்டரை விடுவிக்கும். சரி, பிரேக்கை மிதிக்காதபோது? பல கிட்கள் அதே ஒயர் வழியாக, பல்பின் இழையைக் கடந்து, பாடி எர்த் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எர்த் கிடைத்தால், 'ஒயர் அறுந்துபோகவில்லை, பல்பும் இருக்கிறது' என்று அதற்குப் பொருள். கிடைக்காவிட்டால் க்ரூஸ் கன்ட்ரோல் ஆன் ஆகவே ஆகாது. அருமையான பாதுகாப்பு ஏற்பாடு இது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பழைய வேன்களில் இன்று பலர் பிரேக் லைட்டுக்கு எல்இடி பல்பு மாற்றியிருக்கிறார்கள். எல்இடி-யில் இழை கிடையாது. கிட் தேடும் எர்த் கிடைக்காது. எல்லாம் சரியாக மாட்டியும் க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாமல் அடம்பிடிக்கும். காரணம் புரியாத சிலர், 'அந்த ஒயரைக் கழற்றி நேரடியாக எர்த்தில் கொடுத்துவிடலாம்' என்று குறுக்குவழி சொல்வார்கள். கொடுத்ததும் க்ரூஸ் கன்ட்ரோல் அழகாக வேலை செய்யும். ஆனால், பிரேக்கை மிதித்தால் விடாது. காரணம், பிரேக் மிதித்த சேதி கிட்டுக்குப் போகும் வழியே அடைபட்டுவிட்டது.

சரியான தீர்வு இரண்டு. ஒன்று, பழையபடி இழை பல்பையே போடுவது. இரண்டு, ஐந்து பின் ரிலே ஒன்றை நடுவில் வைப்பது. பிரேக் மிதிக்காதபோது ரிலே வழியாகக் கிட்டுக்கு எர்த் போகும். மிதித்ததும் ரிலே மாறி 12 வோல்ட் போகும். ரிலேயை முறையாகக் கொடுக்கத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன்தான் இந்த வேலைக்குத் தகுதியானவர். பிரேக் ஒயரை எப்படிக் கொடுக்கப்போகிறார் என்று முதலிலேயே கேளுங்கள். அந்தப் பதிலே அவரது அனுபவத்தைச் சொல்லிவிடும்.

கியர் மாற்றும் வேனில் கிளட்ச் பெடலுக்கும் ஒரு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் க்ரூஸில் போகும்போது கிளட்சை மிதித்தால், இன்ஜின் தனியாக அலறும். வேகம் குறைவதைப் பார்த்து, கிட் இன்னும் கூட்டத்தான் பார்க்கும்.

விடுகிறதா... ஐந்து சோதனைகள்

மாட்டி முடித்ததும், வேனைக் குடும்பத்தோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. ஆள் இல்லாத நேரான சாலையில், மெக்கானிக்கும் ஓட்டுபவரும் மட்டும் போய் இவற்றைச் சோதிக்க வேண்டும்.

1. பிரேக் பெடலை வேகம் குறையாத அளவுக்கு லேசாகத் தொட்டாலே க்ரூஸ் விட வேண்டும். அழுத்தி மிதித்தால்தான் விடுகிறது என்றால், பிரேக் சுவிட்ச்சின் நிலையைத் திருத்த வேண்டும்.

2. கிளட்சைத் தொட்டதும் விட வேண்டும். இன்ஜின் ஒரு நொடிகூட அலறக் கூடாது.

3. கன்ட்ரோல் சுவிட்ச்சை ஆஃப் செய்ததும் விட வேண்டும்.

4. வண்டி நிற்கும்போது பிரேக் லைட் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, க்ரூஸ் கன்ட்ரோல் இதை எப்படிக் கையாள வேண்டும் என்று கையேட்டில் சொல்லியிருக்கிறதோ, அப்படியே நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்ததும் ஃபியூஸை மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

5. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து விட வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பியபடியும் ஒருமுறை செய்ய வேண்டும். எந்த நிலையிலும் கேபிள் எதிலும் சிக்காமல் பெடல் மேலே வர வேண்டும்.

இந்த ஐந்தில் ஒன்று பத்து முறைக்கு ஒரு முறை தவறினாலும், அது தேர்ச்சி இல்லை. கழற்றிவைத்துவிட வேண்டும்.

என்றாவது ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை வேனை ஓட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக, பலமாக மிதியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீர்ந்து, பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். கூடவே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை இன்ஜின் நிற்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். உருவிவிடாதீர்கள். உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஆர்.டி.ஓ, இன்ஷூரன்ஸ் என்ன சொல்லும்?

பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். வெளியில் வாங்கிய பாகத்தைப் பொருத்துவதையும் இந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. அதனால், கிட் வாங்கும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துப் பதிலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகு கிளெய்ம் நேரத்தில்தான் பேச ஆரம்பிக்கும்.

மஞ்சள் போர்டு வேன் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு விஷயம். வாடகைக்கு ஓடும் பெரிய வேன்கள் பலவற்றில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். பள்ளி வாகனங்களுக்கு அந்த அளவு 60. 'இதற்கு மேல் போகாதே' என்பது அந்தக் கருவி. 'இதே வேகத்தில் இரு' என்பது க்ரூஸ் கன்ட்ரோல். பழைய வண்டிகளில் அந்தக் கருவியும் ஆக்ஸிலரேட்டர் அமைப்போடு இணைந்திருக்கலாம். க்ரூஸ் மாட்டுவதற்காக அதன் சீலை உடைப்பது சட்டப்படியும் தவறு, பயணிகளுக்கும் ஆபத்து. பள்ளி வேனில் இந்த யோசனையே வேண்டாம்.

எங்கே போடக் கூடாது?

நம் நெடுஞ்சாலைகளில் நடுவே மாடு நிற்கும். எதிர்த்திசையில் பைக் வரும். மீடியன் இடைவெளியில் டிராக்டர் திரும்பும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வேன், ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. க்ரூஸ் போட்டுவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தால், பிரேக்குக்குக் கால் வர அரை நொடி தாமதமானாலே 11 மீட்டர் போய்விடும். எனவே, க்ரூஸ் போட்டாலும் வலது கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் வேலைக்கு மட்டும்தான் காலுக்கு லீவு.

மழையில் போடக் கூடாது. தண்ணீர் தேங்கிய இடத்தில் டயர் பிடியை இழக்கும்போது, கால் தானாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து தளரும். க்ரூஸ் கன்ட்ரோலுக்கு அந்தப் பதற்றம் தெரியாது. மலைப்பாதை, ஊருக்குள் போகும் சாலை, டோல்கேட் நெருங்கும் இடம், பனிமூட்டம்... எங்கும் கூடாது. நள்ளிரவுக்குப் பிறகு கூடவே கூடாது. காலுக்கு வேலை இல்லாதபோது கண் சொக்குவது சுலபம்.

அண்ணன், தம்பி, மாப்பிள்ளை என்று ஆளுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டும் குடும்பங்களில், சாவியைக் கைமாற்றும்போது, 'இதில் க்ரூஸ் இருக்கிறது, இப்படி ஆஃப் ஆகும்' என்று காட்டிவிட்டே கொடுக்க வேண்டும். தெரியாத ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, விரல் பட்டு அது ஆன் ஆனால் பதறிவிடுவார்.

யாருக்கு லாபம், யாருக்கு வேண்டாம்?

மாதத்தில் பல நாள் நான்கு வழிச்சாலையில் நீண்ட தூரம் ஓடும், நல்ல நிலையில் இருக்கும் டீசல் வேனுக்கு இது பயனுள்ளது. சீரான வேகத்தில் டீசலும் மிச்சமாகும். ஆனால், அந்த மிச்சம் எந்த வேகத்தை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பெட்டி மாதிரி முகம் உள்ள வேனில் இது இன்னும் உறைக்கும். 100-ல் க்ரூஸ் போட்டு டீசல் மிச்சம் பிடிக்க முடியாது.

796 சிசி இன்ஜின் கொண்ட ஆம்னி போன்ற சின்ன வேனுக்கு இது பெரிதாக உதவாது. எட்டுப் பேர் ஏறி, லேசான மேடு வந்தாலே, சர்வோ முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் வேகம் இறங்கும். பக்கத்தில் லாரி கடந்தால் காற்றில் ஆடும் எடை குறைந்த வண்டி அது. ஓட்டுபவரின் கை, கால், கவனம் மூன்றும் அதற்கு முழுதாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் டூர் போகும் வேனுக்கும் இந்தச் செலவு தண்டம்.

அப்படியானால் கால் வலிக்கு என்ன வழி? பழைய வேன்களில் கால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் தூரம் மட்டுமல்ல, இறுகிப்போன ஆக்ஸிலரேட்டர் கேபிளும்தான். ஒரு புதுக் கேபிள் மாற்றி, பெடல் கீலில் கிரீஸ் வைத்தால், பெடலின் கனம் பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும். சீட்டை முன்பின் நகர்த்தி, குதிகால் தரையில் ஊன்றி, பாதம் மட்டும் பெடலில் சாயும்படி உட்காருங்கள். தொடைக்குக் கீழே சீட் தொய்ந்திருந்தால் ஸ்பாஞ்ச் மாற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். இத்தனையும் செய்த பிறகும் வலி இருந்தால், அதற்குப் பிறகு கிட்டைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், கடைக்காரர் 'வேகம் கொஞ்சம்கூட அசையாது சார்' என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "பிரேக் லைட் பல்பு ஃபியூஸ் போயிருந்தால் இது எப்படி ஆஃப் ஆகும்?" தயங்காமல் பதில் சொல்பவரிடம் மட்டும் வேன் சாவியைக் கொடுங்கள்.